ஹகோதாத்தே: முதல்முறை போகிறவர்களுக்கு இரண்டு நாள் சுற்றுலாத் திட்டம்

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவுக்குத் தெற்கு வாசல் ஹகோதாத்தே. சப்போரோவுக்குப் போகிற வழியில் ஒரு ராத்திரி மட்டும் தங்கி, மலைமேல் ஏறி ஒரு படம் எடுத்துவிட்டுக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். என்னைக் கேட்டால், இரண்டு முழு நாள் கொடுக்க வேண்டிய ஊர் இது. ஊர் சிறியது, டிராம் ஓடுகிறது, பார்க்க வேண்டிய இடங்களில் பாதி நடந்தே போகிற தூரம். அதனால் ஜப்பானில் இதற்கு முன் கால் வைக்காதவர்களும் தைரியமாகத் திட்டமிடலாம்.

படி 1: வரைபடத்தைப் பாருங்கள்

ஓட்டல் தேடுவதற்கு முன்னால் கைபேசியில் ஹகோதாத்தேயின் வரைபடத்தைத் திறந்து கொஞ்ச நேரம் பாருங்கள். ஊரின் தென்மேற்கு மூலையில் ஹகோதாத்தே மலை இருக்கும். ஒரு காலத்தில் அது கடலுக்குள் தனித் தீவாக இருந்தது. நீரோட்டம் கொண்டுவந்து சேர்த்த மணல், தீவுக்கும் கரைக்கும் நடுவே மேடாகி இரண்டையும் இணைத்துவிட்டது. அந்த மணல்மேட்டின் மேல்தான் பழைய நகரம் நிற்கிறது. மிகக் குறுகலான இடத்தில் அகலம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். ஒரு பக்கம் ஹகோதாத்தே வளைகுடா, மறுபக்கம் சுகாரு நீரிணை.

இந்த அமைப்பு மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிதில் புரியும். மலைமேலிருந்து தெரியும் இரவுக் காட்சிக்கு அந்த வடிவம் கிடைத்ததும் இதனால்தான். இரண்டு கடல்களுக்கு நடுவே காற்று சுழன்றடித்து ஊர் திரும்பத் திரும்பத் தீக்கிரையானதும் இதனால்தான். நீங்கள் பார்க்கப்போகும் அழகான கட்டடங்களில் பல, ஏதோ ஒரு தீவிபத்துக்குப் பின் மறுபடி கட்டியவை.

படி 2: மாதத்தை முடிவு செய்யுங்கள்

செர்ரிப் பூ வேண்டுமென்றால் ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை. தோக்கியோவில் பூவெல்லாம் உதிர்ந்த பிறகுதான் இங்கே பூக்கும். ஆனால் அதே வாரத்தில் ஜப்பானியர்களுக்குத் தொடர் விடுமுறை வருகிறது, அதனால் அறைகளைப் பல மாதம் முன்பே பிடித்துவிட வேண்டும். ஜூன், ஜூலையில் கடல்மூடுபனி வந்து மலை உச்சியை மறைக்கும் நாட்கள் உண்டு. அக்டோபர் பாதிக்கு மேல் ஓனுமா ஏரிப் பக்கம் இலைகள் சிவக்கும். ஜனவரியில் பகலிலும் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். பனிக்கால ஹகோதாத்தே மிக அழகு, ஆனால் சரிவுத் தெருக்கள் பனிக்கட்டியாகிவிடும். செருப்படியில் மாட்டிக்கொள்ளும் முள்பட்டை கடைகளில் கிடைக்கும். போய் இறங்கியதும் முதலில் அதை வாங்குங்கள்.

முதல்முறை போகிறவர்களுக்கு என் பரிந்துரை அக்டோபர்.

படி 3: போய்ச் சேருங்கள்

தோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஏறினால் ஏறத்தாழ நான்கு மணி நேரம். 2016 மார்ச்சில் திறந்த பாதை இது. இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: நீங்கள் இறங்குவது ஷின்-ஹகோதாத்தே-ஹொக்குதோ நிலையம். அது ஊருக்கு வெளியே, பக்கத்து நகரான ஹொக்குதோவில் இருக்கிறது. அங்கிருந்து 'ஹகோதாத்தே லைனர்' என்ற ரயிலில் மாறி இருபது நிமிடம் வந்தால்தான் ஹகோதாத்தே நிலையம். ஓட்டலை ஹகோதாத்தே நிலையத்துக்குப் பக்கத்திலோ, டிராம் பாதையை ஒட்டியோ பாருங்கள்.

வழியில் ரயில் செய்கான் சுரங்கப்பாதைக்குள் நுழையும். நீளம் 53.85 கிலோமீட்டர். அதில் 23 கிலோமீட்டருக்கும் மேல் கடலுக்கடியில். 1954 செப்டம்பரில் புயலில் தோயா மாரு என்ற ரயில்-படகு கவிழ்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சுரங்கத் திட்டம் வேகம் பிடித்தது அந்தத் துயரத்துக்குப் பிறகுதான். 1988இல் சுரங்கம் திறந்ததும் படகுச் சேவை முடிந்தது. ரயில் பெட்டிகளையே தண்டவாளத்தோடு ஏற்றிச் சென்ற அந்தக் கப்பல்களில் ஒன்றான மாஷூ மாரு, ஹகோதாத்தே நிலையத்துக்குப் பக்கத்திலேயே அருங்காட்சியகமாக நிற்கிறது. மழை வந்து வேறெங்கும் போக முடியாத நேரத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

அவசரம் இருந்தால் தோக்கியோ ஹனேதாவிலிருந்து விமானம், ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். நேரம் தாராளமாக இருந்தால் ஆவோமோரியிலிருந்து நாலு மணி நேரத்துக்குள் கடல் வழியாகக் கொண்டுவந்து சேர்க்கும் படகு உண்டு. நீரிணையைக் கடந்து, மலை மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டே வருவதைப் பார்த்தபடி ஊருக்குள் நுழைவது தனி அனுபவம்.

படி 4: டிராமைப் பழகிக்கொள்ளுங்கள்

இங்கே இரண்டே வழித்தடம்: 2, 5. இரண்டும் கிழக்கே யுனோகாவாவில் தொடங்கி, கோர்யோகாக்கு, ஹகோதாத்தே நிலையம் எல்லாம் ஒன்றாகவே வந்து, ஜூஜிகாய் நிறுத்தத்தில் பிரியும். ஜூஜிகாய் வரை எதில் ஏறினாலும் சரி.

பின்கதவில் ஏறுங்கள். கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டியிலிருந்து எண் அச்சிட்ட சின்னச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநருக்கு மேலே இருக்கும் பலகையில் உங்கள் எண்ணுக்கு நேரே கட்டணம் தெரியும். தூரம் கூடக் கூட அதுவும் கூடும். இறங்கும்போது முன்கதவில் சீட்டையும் சில்லறையையும் பெட்டியில் போட வேண்டும். தோக்கியோவில் வாங்கிய சுய்க்கா அட்டை (முன்கூட்டியே பணம் போட்டுவைக்கும் பயண அட்டை) இருந்தால் இந்த வேலையே இல்லை, ஏறும்போதும் இறங்கும்போதும் தொட்டால் போதும். ஒரு நாளில் நாலைந்து முறை ஏறி இறங்குவதாக இருந்தால் ஒரு நாள் பாஸ் லாபம்.

படி 5: மாலையை முதலில் குறியுங்கள்

திட்டத்தில் காலையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஹகோதாத்தே மலைக்கான மாலையை முதலில் முடிவு செய்துவிட்டு, மற்ற இடங்களை அதைச் சுற்றி அடுக்குங்கள். மலை எப்போதும் முதல் நாளில்தான் இருக்க வேண்டும். அன்றைக்கு மேகம் மூடினால் இரண்டாம் நாள் கையில் இருக்கும்.

மலையின் உயரம் 334 மீட்டர்தான். உச்சியில் இருக்கும் ஒளிபரப்புக் கோபுரங்கள் ஊருக்குள்ளிருந்தே கண்ணுக்குத் தெரியும். அவை தெளிவாகத் தெரிந்தால் கிளம்புங்கள். ஜூஜிகாயில் இறங்கிப் பத்து நிமிடம் மேட்டில் நடந்தால் ரோப்வே நிலையம். 125 பேர் ஏறக்கூடிய பெட்டி மூன்று நிமிடத்தில் மேலே கொண்டுபோய் விடும். இலையுதிர்காலத்தில் பராமரிப்புக்காக ரோப்வேயைச் சில நாட்கள் நிறுத்துவார்கள். அந்தத் தேதிகளை இணையதளத்தில் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். குளிர்காலத்தில் மலைச்சாலையை மூடிவிடுவார்கள், அப்போது ரோப்வேயை விட்டால் வழியில்லை.

சூரியன் மறைவதற்கு நாற்பது நிமிடம் முன்னால் மேலே இருங்கள். ஜூன் கடைசியில் ஏழு மணிக்குப் பிறகுதான் மறையும், டிசம்பரில் நாலு மணிக்கே மறைந்துவிடும். இருட்டிய பிறகு போனால் கைப்பிடிச் சுவரோரம் நிற்க இடம் கிடைக்காது. அதைவிட முக்கியம், விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்படுவதைப் பார்க்க முடியாது. இடப்பக்கம் துறைமுகம், வலப்பக்கம் நீரிணை, நடுவில் இடை சிறுத்து விரியும் ஊர். வானம் நீலமாக இருக்கும் அந்த அரை மணி நேரத்தில் இரண்டு கடலோரமும் கோடு போட்டது போலத் தெளிவாகத் தெரியும். முழுதாக இருட்டிய பிறகு கடல் வெறும் கறுப்பு. கோடைகாலமென்றால் அந்தக் கறுப்பில் கணவாய் பிடிக்கும் படகுகளின் விளக்குகள் வெள்ளையாக மிதக்கும்.

இன்னொன்றையும் தேடிப் பாருங்கள். ஊரைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகும் சில அகலமான சாலைகள் தெரியும். 1934 மார்ச் 21 இரவு பிடித்த தீயில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். இனி ஒரு தீ ஒரு பகுதியிலிருந்து மறுபகுதிக்குத் தாவக் கூடாது என்று, நடுவே மரம் வைத்து அகலமாகப் போட்ட தெருக்கள் அவை. அந்த இரவுக் காட்சியைப் பார்க்கிற ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

படி 6: முதல் நாள் காலை, சந்தையும் கோட்டையும்

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் சில நிமிட நடையில் காலைச் சந்தை. கோடையில் ஐந்து மணிக்கே கடைகள் திறக்கும். நண்டு, கடல்முள்ளெலி, சால்மன் முட்டை என்று சோற்றின் மேல் அடுக்கித் தருவார்கள். தொட்டியில் நீந்தும் கணவாயை நீங்களே தூண்டில் போட்டுப் பிடித்தால், அப்போதே அறுத்துக் கொடுப்பார்கள். சமீப வருடங்களில் கணவாய் வரத்து குறைந்துவிட்டது, அதனால் விலையைக் கேட்டுவிட்டு உட்காருங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஊர் கொஞ்சம் கடினம். காய்கறி மட்டும் போட்ட சூப்பிலும் மீன்சாறு இருக்கும். இந்த ஊரின் பெயர்போன உப்பு ராமென் என்ற நூடுல்ஸின் தெளிந்த சாறும் பன்றி எலும்பிலோ கோழியிலோ காய்ச்சியது. சந்தையில் முலாம்பழமும் பாலில் செய்த ஐஸ்கிரீமும் தாராளமாகக் கிடைக்கும். சாப்பாட்டுக்குக் கையில் ஏதாவது கொண்டுபோவது நல்லது.

அப்புறம் டிராம் ஏறி கோர்யோகாக்கு-கோயென்-மாயே நிறுத்தத்தில் இறங்கி, கால் மணி நேரம் நடங்கள். கோர்யோகாக்கு ஐந்து முனை கொண்ட நட்சத்திரக் கோட்டை. 1854இல் போட்ட ஒப்பந்தப்படி அமெரிக்கக் கப்பல்களுக்காகவும், 1859இல் வெளிநாட்டு வணிகத்துக்காகவும் ஹகோதாத்தே துறைமுகம் திறந்துவிடப்பட்டது. அந்தப் பதற்றத்தில், 1857இல் தொடங்கிக் கட்டியது இது. ஐரோப்பியக் கோட்டைகளைப் பற்றிப் படித்துத் திட்டம் வரைந்தவர் தாக்கேதா அயாசாபுரோ. ஒவ்வொரு முனையிலிருந்தும் பக்கத்து முனையின் சுவரோரம் வரை சுட முடியும் என்பதால் எதிரி ஒளிந்துகொள்ள மூலையே இருக்காது.

தரையில் நின்றால் நட்சத்திரம் தெரியாது. அதனால் முதலில் 107 மீட்டர் உயரக் கோபுரத்தில் ஏறிப் பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது, நுழைவாயிலுக்கு வெளியே முக்கோணமாக ஒரு தனி அரண் தெரியும். ஐந்து பக்கமும் ஐந்து கட்டத் திட்டம் போட்டார்கள். பணம் போதாமல் ஒன்றோடு நின்றுவிட்டது. கீழே இறங்கியதும் அந்த அரணின் கல்சுவரைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். மேல்வரிசைக்கு அடுத்த கற்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சுவரில் ஏறி வருகிறவனின் தலை இடிக்க வேண்டும் என்று வைத்தது.

1868இல் ஷோகுன் என்ற ராணுவ ஆட்சியாளரின் ஆட்சி கவிழ்ந்தபோது, தோற்ற தரப்பின் கடற்படைத் தளபதி எனோமோத்தோ தாக்கேஆக்கி கப்பல்களோடு வடக்கே வந்து இந்தக் கோட்டையைப் பிடித்தார். மறுவருடமே சரணடைந்தார். அவரோடு நின்ற சாமுராய் தளபதி ஹிஜிகாத்தா தோஷிஸோ இந்த ஊரில்தான் குண்டடிபட்டு இறந்தார். கோட்டை நடுவே நிற்கும் ஆளுநர் அலுவலகம் 2010இல் பழைய முறையிலேயே திரும்பக் கட்டியது. உள்ளே போகச் செருப்பைக் கழற்ற வேண்டும், நல்ல காலுறை போட்டுக்கொள்ளுங்கள்.

படி 7: மதியம் மோட்டோமாச்சி

மோட்டோமாச்சி என்பது மலையடிவாரச் சரிவில் இருக்கும் பழைய பகுதி. டிராமில் சுயேஹிரோச்சோ நிறுத்தத்துக்குப் போய், அங்கிருந்து மேலே ஏறுங்கள். நான் சொல்கிற வரிசை இது: பழைய பொது மண்டபம், ஹச்சிமன்சாக்கா சரிவு, தேவாலயங்கள், அங்கிருந்து நடந்தே ரோப்வே. இப்படிப் போனால் ஏறியதெல்லாம் வீணாகாது.

நீலச்சாம்பலும் மஞ்சளும் பூசிய பொது மண்டபம் 1910இல் கட்டியது. 1907 தீயில் ஊரின் பழைய மண்டபம் போய்விட்டது. அதே தீயில் தானும் சொத்து இழந்திருந்த வணிகர் சோமா தெப்பேய், புதிதாகக் கட்ட ஐம்பதாயிரம் யென் கொடுத்தார். அந்தக் காலத்தில் அது பெரும் தொகை. அதே தீக்குப் பிறகு, பக்கத்தில் இருக்கும் ஹிகாஷி ஹொங்கான்ஜி பௌத்தக் கோவிலை 1915இல் கான்கிரீட்டில் எழுப்பினார்கள். வெளியே பார்த்தால் மரக்கோவில் போலவே இருக்கும். அதற்கு எதிர்ப்பக்கம் கத்தோலிக்க தேவாலயம், கொஞ்சம் மேலே 1916இல் கட்டிய வெள்ளை ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் தேவாலயம். எல்லாம் சில நிமிட நடைக்குள்.

ஹச்சிமன்சாக்காவில் நின்றால் கல் பாவிய தெரு நேராகத் துறைமுகத்துக்குள் இறங்கும், முடிவில் மாஷூ மாரு. படம் எடுக்கிறவர்கள் தெரு நடுவில் நிற்பார்கள், கார்களும் வரும், கவனம். இந்தப் பக்கத்துத் தெருக்களில் கீழ்த்தளம் ஜப்பானிய மரச்சட்டக் கதவோடும், மேல்தளம் வண்ணம் பூசிய மேற்கத்தியப் பலகைச் சுவரோடும் இருக்கும் வீடுகளையும் விட்டுவிடாதீர்கள். கீழே கடலோரத்தில் செங்கல் கிடங்குகள் இப்போது கடைகள். நேரமிருந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் பரவாயில்லை.

படி 8: இரண்டாம் நாள், ஓனுமா அல்லது யுனோகாவா

கால் ஓய்ந்திருந்தால் டிராமின் கிழக்குக் கோடியில் இருக்கும் யுனோகாவா வெந்நீரூற்றுப் பகுதி. டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே காலை மட்டும் நனைக்கும் தொட்டி இருக்கிறது. டிசம்பரிலிருந்து மே தொடக்கம் வரை வெப்பமண்டலத் தாவரத் தோட்டத்தில் குரங்குகள் வெந்நீரில் உட்கார்ந்திருக்கும்.

நடக்கத் தெம்பிருந்தால் ஓனுமாவுக்குப் போங்கள். ஹகோதாத்தே நிலையத்திலிருந்து எக்ஸ்பிரஸ் ரயிலில் அரை மணி நேரம், ஓனுமா-கோயென் நிலையம். 1640இல் கோமாகாதாக்கே எரிமலை வெடித்தபோது இடிந்து வந்த பாறையும் மண்ணும் ஆறுகளை அடைக்க, தேங்கிய நீர்தான் இந்த ஏரி. நீருக்கு மேலே நிற்கும் சின்னச் சின்னத் தீவுகள் நூற்றுக்கும் மேலே. சிலவற்றைப் பாலங்களால் இணைத்து நடைபாதை போட்டிருக்கிறார்கள். எரிமலை 1,131 மீட்டர், உச்சி ஒரு பக்கம் உடைந்து கூராக நிற்கும். ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 14 கிலோமீட்டர். நிலையத்துக்கு எதிரே வாடகை சைக்கிள் கிடைக்கும். ரயில்கள் அடிக்கடி இல்லை, திரும்பும் ரயிலின் நேரத்தைப் போய் இறங்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

அங்கே ஓனுமா தாங்கோ என்று அரிசிமாவு உருண்டைகளைப் பெட்டியில் விற்பார்கள், 1905 முதல் செய்துவருகிறார்கள். பெட்டியின் இரண்டு அறைகளும் பெரிய ஏரி, சின்ன ஏரி, உருண்டைகள் தீவுகள். அன்றைக்கு மட்டும்தான் தாங்கும் என்பதால் ஊருக்கு வாங்கிவர முடியாது. ஏரிக்கரையில் உட்கார்ந்தோ, திரும்பும் ரயிலிலோ சாப்பிட்டுவிடுங்கள்.