ஃபுளோரிடாவில் மருத்துவக் கஞ்சா அட்டை பெறுவது எப்படி?

அமெரிக்காவில் கஞ்சா தொடர்பான சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும். ஃபுளோரிடாவில் 2016 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 71 விழுக்காட்டினர் ஆதரவளித்ததால், மருத்துவப் பயன்பாடு மாநில அரசமைப்பிலேயே இடம்பெற்றது. பொழுதுபோக்குப் பயன்பாட்டுக்கான 2024-ஆம் ஆண்டுத் திருத்தமோ, தேவையான 60 விழுக்காட்டை எட்டாமல் தோற்றது. எனவே அட்டை இல்லாமல் அங்கே சட்டப்படி வாங்க முடியாது.

முதல் படியாக, உங்கள் குடியுரிமை நிலையைப் பாருங்கள். பலர் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். கஞ்சாவைக் கட்டுப்படுத்தும் 1970-ஆம் ஆண்டு ஃபெடரல் (மத்திய அரசு) சட்டம் நடப்பில் இருப்பதால், மாநிலம் அனுமதித்த பயன்பாடும் குடியுரிமை விண்ணப்பத்தைப் பாதிக்கலாம் என்று குடிவரவுத் துறை 2019-இல் தெளிவாகவே அறிவித்தது. ஹெச்-1பி வேலை விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள், மருத்துவரிடம் போகும் முன்பே குடிவரவு வழக்கறிஞரைக் கலந்துகொள்வது நல்லது.

இரண்டாவது, மருத்துவர். எல்லா மருத்துவர்களும் சான்றளிக்க இயலாது. மாநிலத்தின் பயிற்சியை முடித்துத் தகுதிபெற்றவர் மட்டுமே, புற்றுநோய், வலிப்பு, கிளாக்கோமா, பார்க்கின்சன் போன்ற நோய்களுக்கு நோயாளியை முதன்முறை நேரில் பரிசோதித்த பிறகு, சான்றளித்து உங்கள் பெயரையும் மின்னஞ்சலையும் மாநிலப் பதிவேட்டில் ஏற்றுவார். பழைய மருத்துவ ஆவணங்களைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

அடுத்து, மின்னஞ்சலில் வரும் விவரங்களைக் கொண்டு பதிவேட்டில் நுழைந்து, ஃபுளோரிடாவில் வசிப்பதற்கான சான்றை இணைத்து, 75 டாலர் கட்டணத்துடன் விண்ணப்பிக்க வேண்டும். ஒப்புதல் மின்னஞ்சல் வந்ததும், அச்சிட்ட அட்டை வரும்வரை அதையே காட்டி வாங்கலாம். டிஸ்பென்சரி எனப்படும் அனுமதி பெற்ற கஞ்சாக் கடைகளில் கிரெடிட் கார்டு பொதுவாகச் செல்லாது. அங்கே போகும்போது ரொக்கத்தையும் அரசு அடையாள அட்டையையும் வைத்திருங்கள்.

புதியவர்கள் தடுமாறும் இடம் காலாவதிதான். அட்டைக்கு ஓராண்டு ஆயுள் உண்டு. மருத்துவரின் சான்றோ அதிகபட்சம் 210 நாட்களுக்கே செல்லும். அட்டையில் உள்ள தேதியை மட்டும் நம்பியிருந்தால், இடையிலேயே சான்று முடிந்து கடையில் வெறுங்கையுடன் திரும்ப நேரிடும். அட்டையைப் புதுப்பிக்க, காலாவதிக்கு 45 நாட்கள் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

வீட்டில் செடி வளர்க்க அட்டைதாரருக்கும் அனுமதியில்லை. வாங்கியதை அண்டை மாநிலமான ஜார்ஜியாவின் எல்லையைத் தாண்டி எடுத்துச் செல்வதும் ஃபெடரல் குற்றமாகும்.