கண்ணாடித் தோட்டத்துக்குத் தானாக மிஸ்ட் போடும் எளிய சர்க்கியூட்

நுவரெலியாக் குளிரில் பாசியும் பன்னமும் வளரும் கண்ணாடித் தொட்டிக்கு மிஸ்ட் மேக்கர் (நீரை மூடுபனி போலத் தூவும் சாதனம்) எதற்கு என்று சிலர் கேட்பார்கள். தை, மாசி மாதப் பகலில் காற்று எப்படி வறண்டு போகிறது என்று பாசி வளர்ப்பவர்களுக்குத் தெரியும். பண்டாரவளை, பதுளைப் பக்கம் கதையே வேறு. ஹட்டன் மழையில் ஊறிக் கிடக்கும் ஆனி, ஆடியில் அங்கே கச்சான் வீசி எல்லாவற்றையும் காய வைக்கும். அதனால் இவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை என்று ஓடும் டைமர் நம் மலைக்குச் சரிவராது. ஈரப்பதனை அளந்து, குறைந்தால் மட்டும் மிஸ்ட் போட வேண்டும்.

அதற்கான சர்க்கியூட்டைத்தான் இங்கே கட்டப் போகிறோம். புரோகிராம் எழுதத் தேவையில்லை. தரம் ஒன்பது படிக்கும் பிள்ளையும் பிரெட்போர்டில் (ஈயம் பற்றாமல் வயர்களைச் செருகும் பலகை) கட்டிவிடலாம். இது மேல்பக்கம் பாதி திறந்த தொட்டிக்கானது. இறுக மூடிய போத்தல் தன் ஈரத்தைத் தானே வைத்துக்கொள்ளும், அதற்கு இது வேண்டாம்.

வாங்க வேண்டியவை

ஏஎம்டி 1001 ஈரப்பதன் சென்சர், எல்எம் 393 ஐசி (இரண்டு வோல்டேஜ்களை ஒப்பிடும் சில்லு), ஐஆர்எல்இசட் 44 என் மொஸ்ஃபெட் (குழாய் போல மின்னைத் திறந்து மூடும் சுவிட்ச்), 10 கிலோ ஓம் பொட் (திருகி அளவை மாற்றும் தடையி) ஒன்று, 10 கிலோ ஓம் தடையி இரண்டு, 220 கிலோ ஓம் தடையி ஒன்று, 0.1 மற்றும் 470 மைக்ரோ ஃபரட் கொள்ளளவிகள், 5 வோல்ட் யூஎஸ்பி மிஸ்ட் போர்ட் (மிஸ்ட் தூவும் தட்டோடு வருவது), 5 வோல்ட் 2 அம்பியர் போன் சார்ஜர், ஒரு மல்டிமீட்டர்.

மிஸ்ட் போர்டை வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். யூஎஸ்பியைக் கழற்றி மறுபடி செருகினால் தானாகவே மிஸ்ட் வர வேண்டும். பட்டனை அழுத்தினால்தான் ஓடும் போர்ட் இந்த வேலைக்கு உதவாது. ஒவ்வொரு தடவையும் யார் போய் அழுத்துவது?

எப்படி வேலை செய்கிறது

சென்சர் 0 முதல் 100 வீத ஈரப்பதனை 0 முதல் 3 வோல்ட்டாக மாற்றித் தரும். அதாவது ஒரு வீதத்துக்கு 0.03 வோல்ட். 80 வீதம் என்றால் 2.4 வோல்ட். பொட்டில் நாம் வைக்கும் வோல்டேஜை விட சென்சரின் வோல்டேஜ் இறங்கினால், ஐசி மொஸ்ஃபெட்டைத் திறந்துவிடும். மிஸ்ட் வரும்.

கட்டும் முறை

முதலில் ஐசி. 8ஆம் காலுக்கு 5 வோல்ட், 4ஆம் காலுக்கு கிரவுண்ட். இந்த இரண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோ ஃபரட். பயன்படாத 5, 6 கால்களையும் கிரவுண்டோடு சேருங்கள். 7ஐ விட்டுவிடலாம்.

சென்சருக்கு 5 வோல்ட்டும் கிரவுண்டும் கொடுத்து, அதன் ஈரப்பதன் வயரை 2ஆம் காலில் செருகுங்கள். பொட்டின் இரு ஓரக் கால்களும் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் போகும். நடுக்காலிலிருந்து ஒரு 10 கிலோ ஓம் வழியாக 3ஆம் காலுக்கு வாருங்கள்.

அடுத்து 1ஆம் கால். அங்கிருந்து 5 வோல்ட்டுக்கு மற்ற 10 கிலோ ஓம். இதை மறந்தால் ஒன்றுமே நடக்காது, ஏனென்றால் இந்த ஐசியால் வோல்டேஜைக் கீழே இழுக்க மட்டுமே முடியும். அதே காலிலிருந்து மொஸ்ஃபெட்டின் கேட்டுக்கு ஒரு வயர். எழுத்துள்ள முகம் நம்மைப் பார்த்திருந்தால் இடமிருந்து கேட், டிரெயின், சோர்ஸ். சோர்ஸ் கிரவுண்டுக்கு, டிரெயின் மிஸ்ட் போர்டின் மைனஸுக்கு. போர்டின் பிளஸ் நேரே 5 வோல்ட்டுக்கு. அந்த இரு வயர்களின் குறுக்கே, மிஸ்ட் போர்டுக்குப் பக்கத்தில், 470 மைக்ரோ ஃபரட்டைப் பிளஸ் மைனஸ் பார்த்து வையுங்கள்.

220 கிலோ ஓம் எங்கே?

அது 1ஆம் காலுக்கும் 3ஆம் காலுக்கும் இடையில். விலை கேட்டால் சில ரூபாய்தான், ஆனால் இந்த சர்க்கியூட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் 80 வீதத்தைத் தொட்டதும் மிஸ்ட் நிற்கும், கொஞ்சம் இறங்கியதும் ஓடும், மறுபடி நிற்கும். கதவுக்குப் பக்கத்தில் சுவிட்சைத் தட்டி விளையாடும் குழந்தை மாதிரி. போதாததற்கு மிஸ்ட் ஓடத் தொடங்கியதும் சார்ஜரின் 5 வோல்ட் சற்று இறங்கும், பொட்டின் வோல்டேஜும் கூடவே இறங்கும், அதுவும் குழப்பும். 220 கிலோ ஓம் போட்டால் ஓடும் எல்லைக்கும் நிற்கும் எல்லைக்கும் நடுவே ஏறக்குறைய 8 வீத இடைவெளி வரும். பொட்டின் நடுக்காலை 2.4 வோல்ட்டில் வைத்தால் 76 வீதத்துக்குக் கிட்ட ஓடும், 84 வீதத்துக்குக் கிட்ட நிற்கும். பாசிக்கும் சின்னப் பன்னங்களுக்கும் இது நல்ல அளவு.

சோதனை

மல்டிமீட்டரை நடுக்காலில் வைத்து 2.4க்குத் திருப்புங்கள். வெளியே மழை என்றால் அறையிலேயே ஈரம் அதிகமாக இருக்கும், மிஸ்ட் வராது. பயப்பட வேண்டாம். வோல்டேஜைக் கூட்டிக்கொண்டே போங்கள், ஒரு இடத்தில் ஓடத் தொடங்கும். அப்புறம் சென்சரில் வாயால் ஊதுங்கள். சில நொடிகளில் நிற்க வேண்டும். நின்றால் எல்லாம் சரி, பொட்டை மறுபடி 2.4க்குக் கொண்டுவாருங்கள்.

தொட்டியில் வைக்கும்போது

சென்சரும் மிஸ்ட் தட்டும் மட்டும் உள்ளே. மற்றதெல்லாம் வெளியே, நீர் படாத ஒரு பெட்டியில். சென்சர் மிஸ்ட்டுக்கு எதிர்மூலையில், மேலே தொங்கட்டும். மிஸ்ட் நேரே பட்டால் அது 100 வீதம் என்று நினைத்துவிடும், நாளடைவில் கெட்டும் போகும்.

தண்ணீர் விஷயத்தில் மழைநீரே நல்லது. துணியில் வடித்து ஊற்றுங்கள். கேத்தலில் வெள்ளைப் படிவு விடுகிற பீலித் தண்ணீரை ஊற்றினால் தட்டின் நுண்துளைகள் அடைபடும்.

பாசியை வீட்டு மதிலிலிருந்தே எடுங்கள், அதுவே தாராளம். ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு பிடி கூடப் பிடுங்கக் கூடாது.

சித்திரை மாதப் பின்னேரங்களில் இடி முழங்கத் தொடங்கினால் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். கரண்ட் போய் வந்தாலும் கவலையில்லை, சர்க்கியூட் தானாகவே மறுபடி ஓடும்.