அத்திக் குளவிகளைக் கவனிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அத்திக் காயை அறுத்ததும் உள்ளே கண்ட குளவிகளையெல்லாம் “மகரந்தச் சேர்க்கை செய்பவை” என்று குறித்துவிடுகிறார்கள். முதல் தவறே அதுதான். ஒரே காயில் பல இனக் குளவிகள் வளரலாம். மகரந்தம் சுமந்துவரும் பெண் குளவி காயின் நுனியில் உள்ள குறுகிய துளை வழியே உள்ளே நுழைகிறது. அந்த நெருக்கலில் இறக்கைகள் பெரும்பாலும் ஒடிந்துவிடும். மற்ற இனங்களில் பல உள்ளே போவதே இல்லை. நீண்ட முட்டையிடும் குழலை வெளியிலிருந்தே காய்ச் சுவருக்குள் செலுத்துகின்றன. அவற்றில் சில, காய்க்குள்ளேயே இருக்கும் சிறு பூக்களின் சூலகத்தைப் புடைக்கவைத்து அதைத் தின்கின்றன. வேறு சில, இன்னொரு குளவியின் புழுவையே தின்கின்றன. முன்னது போட்டி, பின்னது வேட்டை. இரண்டையும் ஒரே கணக்கில் சேர்ப்பது சரியல்ல.

மிகப் பெரிய இழப்பு காய்களைச் சேகரிக்கும்போது நேர்கிறது. ஒரு கூடைக் காய்களை மொத்தமாக ஒரே பெட்டியில் போட்டு, வெளிவரும் பூச்சிகளை எண்ணுகிறார்கள். மரத்தில் எந்தெந்த இனம் உண்டு என்பது அதில் தெரியும். எது எதனோடு ஒரே காயைப் பங்கிட்டது என்பது தெரியாது. போட்டி நடப்பதோ காய்க்குள்ளே. ஆகவே ஒவ்வொரு காயையும் தனித்தனிப் புட்டியில் போட்டு, நுண்ணிய வலைத்துணியால் மூடுங்கள். குளவிகள் வெளிவந்த பிறகு காயை அறுத்தும் பாருங்கள். பல இனங்களில் ஆண்களுக்கு இறக்கை கிடையாது. துணை சேர்ந்து, பெண்கள் வெளியேறச் சுவரில் வழி குடைந்துவிட்டுப் பெரும்பாலும் அங்கேயே மடிகின்றன. அறுக்காவிட்டால் ஆண்களே கணக்கில் வராது.

நன்றாகப் பழுக்கட்டும் என்று காத்திருப்பதும் வேண்டாம். பல அத்தி மரங்களில் குளவிகள் வெளியேறிய பிறகே பழம் மென்மையாகிறது. அதற்குச் சற்று முன்பே பறிக்க வேண்டும்.

சண்டை கண்ணில் படவில்லை என்பதால் போட்டியே இல்லை என்று எண்ணுவது இன்னொரு தவறு. இது அத்திக்கு மட்டும் உரியதல்ல. ஆப்பிளில் முட்டையிடும் ஒருவகைப் பழ ஈ, முட்டையிட்டதும் தன் குழலைப் பழத்தோல் மீது இழுத்து ஒரு வேதித் தடத்தைப் பூசுகிறது. அடுத்து வரும் பெண் ஈ அதை உணர்ந்து பெரும்பாலும் வேறு பழம் தேடிப் போகிறது. தடம் நீரில் கரையக்கூடியது. எனவே மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த பழங்களைக் கலக்காமல், பறித்த நாளையும் மழை பெய்த நாளையும் புட்டிச் சீட்டில் எழுதிவையுங்கள்.