எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி? வீட்டிலேயே தொடங்குவோருக்கான செய்முறை

முதல் வகுப்பை முடித்துவிட்டு விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கை மகள், சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டவணையை 'க, கா, கி, கீ' என்று தொடங்கி 'னௌ' வரை ராகம் போட்டு ஒப்பித்தாள். அட்டவணையின் நடுவில் 'பொ' என்ற எழுத்தின்மீது விரலை வைத்து இது என்னவென்று கேட்டபோது, வரிசையின் தொடக்கத்துக்குப் போய் 'ப, பா, பி, பீ' என்று முணுமுணுத்து எண்ணிக்கொண்டே வந்துதான் விடை சொன்னாள். பிறகு ஒரு படக்கதைப் புத்தகத்தைப் பிரித்தேன். மரத்தின் படத்துக்குக் கீழே 'வேம்பு' என்று அச்சிட்டிருந்தது. அவள் தயங்காமல் 'மரம்' என்று படித்தாள்.

247 எழுத்துகளும் அவள் வாயில் இருந்தன. படிக்க மட்டும் வரவில்லை. ஒப்பிப்பதும் படத்தைப் பார்த்து ஊகிப்பதும் வாசிப்பைப் போலவே தோற்றமளிக்கும் என்பதால், இந்த இரண்டும் பல வீடுகளில் இரண்டாம் வகுப்பு வரை கண்டுகொள்ளப்படாமலேயே போய்விடுகின்றன. அவளுக்காக நான் கைக்கொண்ட வரிசையை, அதற்குப் பின்னால் உள்ள ஆய்வுக் காரணங்களோடு இங்கே எழுதுகிறேன். ஐந்து முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதைவிட, நாள்தோறும் சிறிது நேரம் பயிற்சி தருவதே மனத்தில் தங்கும்.

தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது

1986இல் பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் எளிய வாய்ப்பாட்டை முன்வைத்தனர். எழுத்தை ஒலியாக மாற்றும் திறனையும் கேட்டதைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் கிடைப்பதே வாசிப்புத் திறன் என்பது அதன் சாரம். கூட்டாமல் பெருக்குவதால், இரண்டில் ஒன்று பூச்சியமானாலும் விடை பூச்சியமாகிவிடும். வீட்டில் சரளமாகத் தமிழ் பேசும் குழந்தைக்கு இரண்டாவது திறன் பெருமளவு கைவசம் இருக்கிறது. நாம் முறையாகக் கற்பிக்க வேண்டியது முதலாவதைத்தான். அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் வெளியிட்ட அறிக்கையும், எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை ஒழுங்கான வரிசையில் நேரடியாகக் கற்பிப்பது, அவ்வாறு செய்யாமல் விடுவதைவிடச் சிறந்த பலன் தருகிறது என்றே கூறியது.

அந்த ஆய்வுகள் ஆங்கிலத்தைச் சார்ந்தவை என்பதை மறந்துவிடக் கூடாது. ஆங்கிலத்தில் எழுத்துகள் 26தான், ஆனால் ஒலிப்பு ஒழுங்கற்றது; தமிழிலோ ஒலிப்பு பெரும்பாலும் ஒழுங்கானது, எழுத்துகள் மிகுதி. கன்னடக் குழந்தைகளை ஆராய்ந்து சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட கட்டுரை, எழுத்துகள் மிகுந்த இத்தகைய மொழிகளில் எழுத்தறிவு தொடக்க வகுப்புகளைத் தாண்டியும் வளர்ந்துகொண்டே இருப்பதைக் காட்டியது. ஆகவே மூன்று மாதத்தில் எல்லா எழுத்துகளும் வந்துவிட வேண்டும் என்று பதறத் தேவையில்லை.

படி 1: குழந்தை எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் குழந்தைகளின் கற்றல் நிலையை அறிய நடத்தும் 'அசர்' ஆய்வில் பயன்படும் வாசிப்புத் தாள் ஒரே பக்கம்தான்: சில எழுத்துகள், சில சொற்கள், ஒரு சிறு பத்தி, ஒரு சிறு கதை. அதே வடிவில் ஒரு தாளை நீங்களே எழுதிக்கொள்ளலாம். எழுத்துகளை அகர வரிசையில் எழுதாமல் கலைத்து எழுதுவது முக்கியம். இல்லாவிட்டால் என் தங்கை மகளைப் போல ராகம் உதவிக்கு வந்துவிடும். எந்தக் கட்டத்தில் குழந்தை தடுமாறுகிறதோ அதற்கு ஒரு படி கீழிருந்து தொடங்குங்கள். தமிழ்நாட்டு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம், மாணவர்களை அவரவர் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்ததும் இதே எண்ணத்தில்தான்.

படி 2: கண்ணுக்கு முன் காது

முதல் வாரம் தாளும் வேண்டாம், பென்சிலும் வேண்டாம். 'வாழைப்பழம்' என்று சொல்லி, 'வா, ழைப், ப, ழம்' என்று பிரித்துக் கைதட்டச் சொல்லுங்கள். இது பெரும்பாலான குழந்தைகளுக்கு எளிதாகவே வரும். அடுத்து, 'கல்' என்பதில் முதல் ஒலியை 'ப்' ஆக மாற்றினால் என்ன வரும் என்று கேளுங்கள். 'பல்' என்ற விடை உடனே வராவிட்டாலும் கவலை வேண்டாம். உயிரும் மெய்யும் கலந்த எழுத்தை ஒரே அலகாகப் பார்க்கப் பழகிய நம் குழந்தைகளுக்கு, அதற்குள் இரண்டு ஒலிகள் இருப்பதை உணர்வது தாமதமாகவே வருகிறது. 'ம்ம்ம்… ஆ' என்று இழுத்து 'மா' ஆக்குவது இதற்கு நல்ல தொடக்கம். ம், ல், வ் போன்றவற்றை இழுத்து ஒலிக்க முடியும். க், ட், ப் போன்றவை இழுபடாமல் வெடித்து நின்றுவிடும் என்பதால் அவற்றைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: சிறு கூட்டமாக எழுத்துகள்

ட, ப, ம மூன்றையும் முதலில் கொடுங்கள். வடிவம் எளிது, கோடுகளும் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை. அவற்றோடு அதே வாரத்தில் ட், ம் என்ற புள்ளி வைத்த எழுத்துகளையும் கொடுங்கள். அப்போதுதான் மூன்றாம் நாளே 'படம்', 'மடம்', 'பட்டம்' என்ற முழுச் சொற்களைக் குழந்தை தானாகப் படிக்க முடியும். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, பிறகு உயிர்மெய் என்ற இலக்கண வரிசை இலக்கணம் கற்பிக்கச் சிறந்தது; வாசிக்கக் கற்பிக்க அது உதவாது என்பது என் கருத்து. அடுத்த வாரம் ர, த, க சேர்ந்தால் மரம், தடம், கட்டம், பக்கம் ஆகியவை கைக்கு வந்துவிடும். அ, ஆ, இ ஆகியவற்றை அப்பா, ஆடு, இடம் போன்ற சொற்களுக்குத் தேவைப்படும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

படி 4: கூட்டிப் படித்தல்

பெரும்பாலான குழந்தைகள் சிக்கிக்கொள்ளும் இடம் இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நாம் மெய்யெழுத்துகளை 'இக்', 'இங்', 'இச்' என்று பெயர் சொல்லிப் பழக்குகிறோம். அந்தப் பெயரில் உள்ள 'இ' சொல்லுக்குள் கிடையாது. 'மரம்' என்பதை 'ம, ர, இம்' என்று கூட்டும் குழந்தைக்கு 'மரயிம்' என்பதுதான் காதில் விழும். அதிலிருந்து மரத்தைக் கண்டுபிடிப்பது அதற்குப் பெரிய புதிர். ஆகவே எழுத்தின் பெயரைச் சொல்லாமல் ஒலியை மட்டும் சொல்லுங்கள்: உதட்டை மூடி 'ம்' என்று நிறுத்தினால் போதும். புள்ளி வைத்த எழுத்து தனியாக நிற்காது, முன்னால் இருக்கும் எழுத்தின் கையைப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லிக் கொடுத்தால் குழந்தைகள் எளிதில் பற்றிக்கொள்கிறார்கள்.

செய்யும் முறை இது. 'பட்டம்' என்று பெரிதாக எழுதி, அதை ஒரு பழைய அஞ்சலட்டையால் மூடுங்கள். அட்டையை வலப்புறமாக நகர்த்தி முதலில் 'ப' மட்டும் தெரியச் செய்யுங்கள். குழந்தை 'ப' என்னும். அடுத்து 'பட்' வரை நகர்த்துங்கள். குழந்தை 'ப, ட்' என்று பிரிக்காமல் 'பட்' என்றே சொல்ல வேண்டும். பிறகு 'பட்ட', கடைசியில் 'பட்டம்'. எல்லா எழுத்துகளையும் தனித்தனியே சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில் ஒட்ட வைக்கச் சொன்னால், நான்காவது எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து நினைவிலிருந்து நழுவிவிடும். படிப்படியாகச் சேர்த்துக்கொண்டே போனால் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது எப்போதும் இரண்டே துண்டுகள்தான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. வல்லின எழுத்துகள் இடத்துக்கு ஏற்ப ஒலி மாறுபவை. 'பம்பரம்' என்பதில் முதல் 'ப' ஒரு விதமாகவும், 'ம்' என்பதற்குப் பின்வரும் 'ப' வேறு விதமாகவும் ஒலிக்கின்றன. குழந்தை இரண்டையும் ஒரே மாதிரி வன்மையாக ஒலித்துவிட்டு விழித்தால், விதியை விளக்க வேண்டாம். 'இதைப் போல நமக்குத் தெரிந்த சொல் ஏதாவது இருக்கிறதா?' என்று கேளுங்கள். வீட்டில் பேசும் தமிழே அதைத் திருத்திக்கொள்ளும்.

படி 5: துணையெழுத்துகள்

கால் (ா) முதலில். மாமா, தாத்தா, பாடம், காகம் எல்லாம் ஒரே வாரத்தில் வந்துவிடும். அடுத்து 'ி', 'ீ': கரடி, பாட்டி, மாடி, தீ. இவை எழுத்துக்குப் பின்னாலோ மேலோ வருவதால் சிக்கல் குறைவு. கொம்பு (ெ, ே) வந்தவுடன் நிலைமை மாறுகிறது. கண்ணுக்கு முதலில் தென்படும் குறி காதுக்குப் பின்னால் ஒலிக்கிறது. 'கொ' என்பதை 'கெர' என்று படிக்கும் குழந்தை முட்டாள்தனம் எதையும் செய்யவில்லை; காலும் ரகரமும் அச்சில் அவ்வளவு ஒத்திருக்கின்றன. கொம்பையும் காலையும் தனித்தனி அட்டைகளில் எழுதி, 'க' அட்டையின் இருபுறமும் ஒரே நேரத்தில் நகர்த்தி வைத்துக் காட்டுவது எனக்குப் பயன்பட்டது. ஔகார வரிசையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். வௌவாலையும் கௌதாரியையும் விட்டால் குழந்தைக்கு அது பெரிதாகத் தேவைப்படாது.

உகரம்தான் பெரிய வேலை, ஏனெனில் அதற்கு ஒரே துணைக்குறி இல்லை. பதினெட்டையும் மூன்று குடும்பமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம், ஙு, சு, பு, யு, வு கீழே நேர்கோடு இழுக்கும் குடும்பம், ஞு, ணு, து, நு, லு, று, னு மூன்றாவது. ஆனால் முழு வரிசையும் வரும்வரை காத்திருக்க முடியாது. மாடு, காது, படகு என்று தமிழ்ச் சொற்கள் உகரத்தில் முடிந்துகொண்டே இருப்பதால், டு, து, கு மூன்றையும் காலுக்கு அடுத்தே தனி எழுத்துகளாகக் கொடுத்துவிடுங்கள்.

ணா, றா, னா, ணை, லை உள்ளிட்ட 13 எழுத்துகளின் பழைய வடிவங்களை மாற்றி 1978இல் தமிழ்நாட்டு அரசு சீர்திருத்தம் கொண்டுவராமல் இருந்திருந்தால், இந்தப் படி இன்னும் நீண்டிருக்கும். பெரியார் வலியுறுத்திய மாற்றம் அது. குழந்தைக்குப் படிக்கக் கற்றுக்கொடுக்கும்போதுதான் அதன் அருமை தெரிகிறது.

படி 6: கற்ற எழுத்துகளால் மட்டும் ஆன வரிகள்

'மாமா, மாடு பார். காடு பார். காக்கா பார்.' இலக்கியம் இல்லைதான். ஆனால் குழந்தை கற்காத எழுத்து ஒன்றுகூட இதில் வராதபடி 'ர்' என்பதை மட்டும் முன்கூட்டியே கொடுத்துவிட்டால், ஊகிக்கத் தேவையே இராது. இந்த வரிகளைப் படம் இல்லாமல் எழுதுங்கள். படித்து முடித்த பிறகு குழந்தையே படம் வரையட்டும்.

உண்மையில் கூட்டிப் படிக்கிறதா, பார்த்துப் பழகிய சொல்லை நினைவிலிருந்து சொல்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் ஆண்டுக் குழந்தைகளுக்கு நடத்தப்படும் தேர்வில் 40 சொற்களில் 20 பொருளற்ற புனைச்சொற்கள். அதைப் போலவே 'டபம்', 'மிரடா', 'காபட்டி' என்று எழுதி, இவை வேற்றுக்கோள்வாசிகளின் பெயர்கள் என்று சொல்லிப் படிக்கச் சொல்லுங்கள். என் தங்கை மகளுக்குப் பாடத்திலேயே பிடித்த பகுதி இதுதான்.

படி 7: சரளம்

சொற்களைத் திக்கித் திக்கிப் படிக்கும் குழந்தைக்கு நாள்தோறும் புதிய பத்தி தருவதைவிட, அதே சிறு பத்தியை மூன்று நான்கு முறை படிக்க வைப்பது பயன்தரும். ஜே சாமுவேல்ஸ் 1979இல் எழுதி விளக்கிய இந்த முறை, பின்னர் பல ஆய்வுகளில் சோதிக்கப்பட்டது. முதல் முறை நீங்கள் படித்துக்காட்டுங்கள், அடுத்து இருவரும் சேர்ந்து, பிறகு குழந்தை தனியாக. நிறுத்துகடிகாரம் வைத்து அவசரப்படுத்த வேண்டாம்.

இவை அனைத்துக்கும் இணையாக: நூல்தமிழைக் காதில் போடுங்கள்

'அங்க இருக்கு' என்று பேசும் குழந்தை புத்தகத்தில் 'அங்கே இருக்கிறது' என்று சந்திக்கிறது. எழுத்துக்கூட்டிய பிறகும் அந்தச் சொல் அதன் காதில் இல்லாவிட்டால், வாய்ப்பாட்டின் இரண்டாம் பாதி சறுக்கும். பேச்சுக்கும் எழுத்துக்கும் இடைவெளி உள்ள அரபு மொழியில், எழுத்து வழக்கில் அமைந்த கதைகளை மழலையருக்குப் படித்துக்காட்டியபோது அவர்களின் கேட்டுணரும் திறன் மேம்பட்டதை இஸ்ரேலில் நடந்து 1993இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எனவே படுக்கப்போகும் முன் கதையை உங்கள் பேச்சுத்தமிழில் மாற்றிச் சொல்லாமல் அச்சில் உள்ளபடியே படியுங்கள்; புரியாத இடத்தில் நிறுத்திப் பேசுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைப் புத்தகங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவை நீங்கள் படித்துக்காட்ட வேண்டியவை. குழந்தை தானாகப் படிக்க ஆறாம் படியின் வரிகளே முதலில் ஏற்றவை.

தடுமாறினால்

குழந்தை தவறாகப் படித்தால் சொல்லை உடனே சொல்லிவிடாமல், தவறிய எழுத்தை விரலால் சுட்டி மூன்று நொடி காத்திருங்கள். வரவில்லை என்றால் அந்த எழுத்தின் ஒலியை மட்டும் சொல்லுங்கள். சொல்லை அதுவே கூட்டட்டும். படத்தைப் பார்த்துச் சொல் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பல மாதங்கள் ஒழுங்காகச் செய்தும் நேற்றுக் கற்ற எழுத்து இன்று நினைவில் இல்லை, கைதட்டிப் பிரிப்பதும் வரவில்லை என்றால், முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். அவை சரியாக இருந்தால், டிஸ்லெக்சியா எனப்படும் கற்றல் குறைபாடு பற்றி அறிந்த சிறப்பு ஆசிரியரிடம் காட்டுவது நல்லது. அங்கே போகும்போது, எந்தெந்த எழுத்துகள் வருகின்றன, எங்கே தவறுகிறது என்று நாள்வாரியாக எழுதி வைத்த குறிப்பேட்டையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.