"3.2 பாருங்க" என்று போனில் சொல்ல: ஆஸ்கிடாக்டரில் பிரிவு எண்கள்

கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயிகளுக்காக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆஸ்கிடாக்கில் (தலைப்பு, பட்டியல் எல்லாவற்றையும் சாதாரண எழுத்துக் கோப்பிலேயே குறி போட்டு எழுதும் முறை) எழுதி, அதை மாற்றிக் கொடுக்கும் ஆஸ்கிடாக்டர் மென்பொருளில் ஓட்டிப் பிடிஎஃப் எடுக்கிறேன். தோட்டத்தில் நிற்பவர் போன் போட்டு "கவாத்து பத்தி எங்க போட்டிருக்கீங்க அண்ணா?" என்றால் "3.2 பாருங்க" என்று சொல்லிவிட வேண்டும், எண் போடுவதே அதற்குத்தான். ஆனால் எண்ணைக் கையால் அடிக்காதீர்கள். உறைபனியில் செடி கருகுவது பற்றி நடுவில் ஓர் அத்தியாயம் சேர்த்தபோது, அதற்குப் பின்னால் இருந்த அத்தனை எண்ணையும் உட்கார்ந்து மாற்றினேன், அப்படியும் இரண்டு இடம் விட்டுப்போனது.

எண் தானாக விழ, ஆவணத் தலைப்புக்கு அடுத்த வரியிலேயே :செக்ட்நம்ஸ்: போடுங்கள் (sectnums என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாமல், இருபுறமும் முக்காற்புள்ளியோடு). நடுவில் வெற்று வரி விட்டால் தலைப்பகுதி அங்கேயே முடிந்துவிடும்.

சும்மா விட்டால் மூன்று நிலை வரை, அதாவது 3.2.1 வரை எண் விழும். போனில் சொல்ல அது நீளம், எனக்கு இரண்டு நிலை போதும். அதற்கு :செக்ட்நம்லெவல்ஸ்: 2. இரண்டு சமக்குறி போட்ட தலைப்புதான் முதல் நிலை, மூன்று போட்டது இரண்டாம் நிலை. குறியை எண்ணி லெவல் கொடுத்தால் ஒன்று கூடிவிடும்.

முன்னுரைக்கு எண் வேண்டாமா? அதன் தலைப்புக்கு மேலே :செக்ட்நம்ஸ்!: என்று ஆச்சரியக்குறியோடு அணைத்துவிட்டு, அடுத்த தலைப்புக்கு மேலே திரும்பப் போடுங்கள். அணைத்திருந்த பிரிவு கணக்கில் சேராது, எண் விட்ட இடத்திலிருந்தே தொடரும்.

அப்புறம் தமிழ். நம் ஆட்களுக்கான கையேட்டில் 'செக்‌ஷன் 3.2' என்று வந்தால் எனக்கு மனசு ஒப்பாது. தலைப்பகுதியில் எக்ஸ்ரெஃப்ஸ்டைலுக்கு (குறுக்கு இணைப்பு, அதாவது கையேட்டின் ஓரிடத்திலிருந்து இன்னொரு பிரிவைச் சுட்டும் இணைப்பு, எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்வது) ஷார்ட் என்று கொடுத்து, செக்‌ஷன்-ரெஃப்சிக் என்பதற்கு (இணைப்பில் எண்ணுக்கு முன்னால் வரும் சொல்) 'பிரிவு' என்று எழுதினால், குறுக்கு இணைப்பு எல்லாம் 'பிரிவு 3.2' என்றே வரும். எண் இல்லாத பிரிவுக்கு மட்டும் தலைப்பு வரும். பின்னிணைப்புக்கு இரண்டு இடம் மாற்ற வேண்டும்: தலைப்பில் வரும் சொல்லுக்கு அப்பெண்டிக்ஸ்-கேப்ஷன், இணைப்பில் வரும் சொல்லுக்கு அப்பெண்டிக்ஸ்-ரெஃப்சிக். முதலாவதை மட்டும் மாற்றினால் பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக நிற்கும்.

எல்லாம் சரியாகப் போட்டும் எண்ணே வரவில்லை என்றால், ஓட்டும் கமாண்டைப் பாருங்கள். அங்கே யாராவது செக்ட்நம்ஸை ஆச்சரியக்குறி போட்டு அணைத்திருந்தால், கோப்புக்குள் நீங்கள் என்ன எழுதினாலும் எடுபடாது.