ஒளித்திருக்கும் சிக்லிட்டை வெளியே வரவைப்பது எப்படி?

கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற ஏஞ்சல், கொன்விக்ட், கிரிபென்சிஸ் மீன்கள் எல்லாம் சிக்லிட் குடும்பம். இரணைமடுக் குளத்தில் வலையில் ஏறுகிற யப்பான் மீனும் (திலாப்பியா) இதே குடும்பம்தான். குளக்கட்டில் நம் நிழல் விழுந்ததும் அது ஆழத்துக்குப் பாய்கிறதே, அதே பயம்தான் தொட்டி மீனை வடிகட்டிக்குப் பின்னால் நிற்கவைக்கிறது. மீன் தெரியவில்லையே என்று ஒளிவிடங்களை எடுத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். அப்படிச் செய்தால் மீன் இன்னும் ஒடுங்கும். ஓடிப்போக இடம் பக்கத்தில் இருக்கிற மீன்தான் துணிந்து வெளியே நிற்கும்.

தொட்டி ஓடத் தொடங்கி ஒரு மாதமாவது ஆகிவிட்டது, மீன் கழிவால் தண்ணீரில் சேருகிற நஞ்சுகளான அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம் என்று எடுத்துக்கொள்கிறேன். மீன் வேகமாக மூச்சு வாங்கினால், செட்டையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தால், வெள்ளை நூல் மாதிரிக் கழிவு போனால் அது கூச்சம் இல்லை, நோய். முதலில் அதைப் பாருங்கள்.

படி 1: மூன்று பக்கத்தை மூடுங்கள்

பின்பக்கத்துக்கும் இரண்டு கரைகளுக்கும் வெளியிலிருந்து கறுப்பு பிறிஸ்டல் போட் ஒட்டுங்கள். செலவு குறைந்த வேலை, பலன் அடுத்த நாளே தெரியும். கடையில் விற்கிற பவளப்பாறைப் படம் வேண்டாம். தொட்டிக்குக் கீழே ரெஜிபோம் (வெள்ளை நுரைத் தகடு) இல்லாவிட்டால் அதையும் வையுங்கள், கதவு அடிக்கிற அதிர்வு குறையும்.

படி 2: ஒளிவிடம்

அநேகமானோர் சறுக்குகிற இடம் இது. எந்த மீனுக்கு எந்த ஒளிவிடம் என்று பார்க்காமல் எல்லாத் தொட்டிக்கும் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைக்கிறார்கள். ஏஞ்சலுக்குச் சிரட்டையால் ஒரு பயனும் இல்லை. அது உயரமான, தட்டையான மீன். அமேசன் பக்கம் தண்ணீருக்குள் விழுந்த கொப்புகளுக்கும் வேர்களுக்கும் நடுவே வாழ்கிற இனம். அதற்கு நெட்டாக நிற்கிற வேர், வலிஸ்னேரியா மாதிரி நீள இலைச் செடி வேண்டும். கிரிபென்சிசும் கொன்விக்டும் பொந்து தேடுகிறவை. கிரிபென்சிசுக்குச் சிரட்டை, கொன்விக்டுக்குப் படுக்கவைத்த மண் பூச்சாடி. வாசல் மீன் உடம்பு மட்டுமட்டாகப் புகுகிற அளவுக்கு இருந்தால் காணும். பெரிய வாசல் வைத்தால் மீன் அதை ஒளிவிடமாக எடுக்காது.

சிரட்டையில் தும்பையும் ஒட்டியிருக்கிற தேங்காயையும் சுத்தமாகச் சுரண்டி, அரை மணித்தியாலம் அவித்து, ஒரு கிழமை ஊறவைத்துத் தினமும் தண்ணீர் மாற்றுங்கள். தேங்காய் கொஞ்சம் மிஞ்சினாலும் அழுகித் தண்ணீர் பால் மாதிரி ஆகும். வேர் என்றால் பட்டை கழன்று நன்றாகக் காய்ந்தது வேண்டும். வேம்பும் பால் வடிகிற மரங்களும் கூடாது. அமிழும்வரை ஊறவையுங்கள், சிலதுக்கு ஒரு மாதமும் எடுக்கும். தேத்தண்ணி நிறம் இறங்கினால் பயப்படாதீர்கள், வெளிச்சம் மங்குவதால் மீனுக்கு அது நல்லது.

கல்லில் வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. முருகைக்கல்லும் முல்லைத்தீவுக் கடற்கரை மணலும் (சிப்பித் துண்டு, உப்பு) இந்த வகை. கேத்திலில் வெள்ளை படிகிற கிணற்றுத் தண்ணீரை அவை இன்னும் கடினமாக்கும். கடினத் தண்ணீரில் வாழ்கிற ஆபிரிக்க மலாவி ஏரி சிக்லிட் வளர்த்தால் மட்டும் பரவாயில்லை. மற்றவைக்குக் கருங்கல்லும் கழுவிய ஆற்றுமணலும். கல்லை மணலுக்கு மேல் வைக்காமல் அடிக்கண்ணாடியில் ரெஜிபோம் துண்டு போட்டு அதன்மேல் வைத்துவிட்டு, பிறகு மணல் போடுங்கள். கொன்விக்ட் கிண்டிக் கிண்டிக் கல்லைச் சரித்துக் கண்ணாடியை உடைக்கும்.

எண்ணிக்கை: மீனுக்கு ஒன்று, மேலதிகமாக ஒன்று. கரைகளிலும் பின்னாலும் வைத்து முன் நடுவை வெறுமையாக விடுங்கள். மீன் எங்கே நின்றாலும் ஒன்றிரண்டு சாணுக்குள் ஒளிவிடம் இருக்கவேண்டும்.

படி 3: வெளிச்சம்

தொட்டி விளக்கை இருட்டில் திடீரென்று போடாதீர்கள். முதலில் அறை விளக்கு, பத்து நிமிடம் கழித்துத் தொட்டி விளக்கு, அணைக்கும்போது மறுதலையாக. நாளுக்கு 8 மணித்தியாலம் காணும். மேற்பரப்பில் மூன்றிலொரு பங்கை மிதக்கும் செடி மூடட்டும். குளத்தில் அள்ளிய செடி என்றால் இளஞ்சிவப்பாகக் கரைத்த கொண்டிஸில் (பொற்றாசியம் பரமங்கனேற்று) 10 நிமிடம் வைத்து, நன்றாக அலசிவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் அட்டையும் நத்தையும் கூடவே வரும்.

படி 4: துணை மீன்

மேல்மட்டத்தில் கூட்டமாக நீந்துகிற மீன் பயப்படாமல் திரிந்தால், பக்கத்தில் எதிரி இல்லை என்று சிக்லிட் எடுத்துக்கொள்ளும். 3 அடித் தொட்டிக்கு 6 சோர்ட்டெயில் போதும், கடினத் தண்ணீரும் அதற்கு ஒத்துக்கொள்ளும். ஏஞ்சலோடு நியோன் டெட்ரா விட்டால் அது பின்னால் சாப்பாடாகிவிடும். டைகர் பார்ப் ஏஞ்சலின் செட்டையைக் கடிக்கும். புதிய மீனை இரண்டு கிழமை தனி வாளியில் வைத்துவிட்டே விடுங்கள்.

படி 5: சாப்பாடு

முதல் நாள் ஒன்றும் போடவேண்டாம். பிறகு ஒரே நேரம், ஒரே மூலை. மூன்று நிமிடத்தில் முடிகிற அளவு போட்டுவிட்டு ஒரு மீற்றர் தள்ளி அசையாமல் இருங்கள். கண்ணாடியில் தட்டுகிற சின்னப்பிள்ளைகளைத் தடுப்பதுதான் இதில் கஷ்டமான வேலை. அநேகமாக இரண்டு, மூன்று கிழமையில் மீன் உங்களைக் கண்டு முன்னுக்கு வரும்.

பின்னால் சேர்த்தவை

எல்லாம் செய்தும் ஒரே ஒரு மீன் மட்டும் மூலையில் நின்றால் மற்றதன் சேட்டையையும் பாருங்கள். முட்டையிட்ட கொன்விக்ட் சோடி தொட்டி முழுவதையும் தனதாக்கிக்கொள்ளும். அப்போது ஒளிவிடம் கூட்டிப் பயனில்லை, ஒன்றைப் பிரிக்கத்தான் வேண்டும்.

பவர் வடிகட்டியின் இழுப்பில் ஏஞ்சல் மூலைக்கு ஒதுங்கும். காற்றுப் பம்போடு ஸ்பொஞ்ச் வடிகட்டிதான் என் தெரிவு. கரண்ட் போனால் பற்றரிப் பம்பில் கொளுவலாம்.

வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போட்டிருந்தால் அந்தத் தண்ணீரை நேரே விடாதீர்கள். வாசம் போகும்வரை வாளியில் காற்று அடித்து வைத்து, குளோரின் நீக்கியும் சேர்த்துப் பாவியுங்கள்.