நூறு வெள்ளிக் கடனும் நம் பொறுமையும்

ஞாயிறு ஆராதனை முடிந்து கோப்பி குடிக்கும்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு: "நான் பொறுமையாத்தான் இருந்தேன்." அப்புறம், பாடகர் குழுவில் அந்த அக்கா மூன்று வருஷமாகச் செய்தது எல்லாம் தேதிவாரியாக வரும். நானும் இப்படிக் கணக்கு வைத்திருந்தவன்தான். வாயைத் திறக்காததாலேயே பொறுமைசாலி என்று நினைத்துக்கொண்டேன். பைபிளில் 1 கொரிந்தியர் 13, அன்பு 'நீடிய சாந்தமும் தயவுமுள்ளது' என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. கறுவிக்கொண்டிருப்பவனிடம் தயவு எங்கிருந்து வரும்?

அந்த 'நீடிய சாந்தம்' மூலக் கிரேக்கத்தில் ஒரு வினைச்சொல். மத்தேயு 18இல் இயேசு சொல்லும் கதையில், ராஜாவிடம் கடன்பட்ட ஊழியக்காரன் "என்னிடத்தில் பொறுமையாயிரும்" என்று கெஞ்சுவதும் அதே சொல்லால்தான். பதினாயிரம் தாலந்து, அடைத்துத் தீராத பெருந்தொகை, தள்ளுபடியானதும் வெளியே போய், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டியவனின் தொண்டையைப் பிடிக்கிறான். அவனும் அதே வார்த்தையைச் சொல்லிக் கெஞ்சுகிறான், பலிக்கவில்லை.

சிங்கப்பூரில் டாலரை வெள்ளி என்போம். நூறு வெள்ளி என்றால் தேக்கா சந்தையில் ஒரு தடவை சாமான் வாங்கும் காசு. அதனால் அற்பக் கடன் என்று தாண்டிவிடுகிறோம். அந்த வெள்ளிப்பணம் அன்று கூலியாளின் ஒரு நாள் சம்பளம். நூறு என்றால் மூன்று மாதத்துக்கும் மேலான உழைப்பு! ஆகவே "ஒண்ணுமில்லை, விடுங்க" என்று மழுப்புவதும் தவறுதான். நஷ்டம் உண்மை. தனக்குத் தள்ளுபடியானது எவ்வளவு என்பதைத்தான் அவன் மறந்துபோனான்.

அதே அதிகாரம் 15ஆம் வசனம், தப்பு செய்தவனிடம் 'நீயும் அவனும் தனித்திருக்கையில்' பேசு என்கிறது. நாமோ "ஜெபிச்சுக்கோங்க" என்று வாட்ஸ்அப்பில் இருபது பேருக்குத் தட்டிவிடுகிறோம்.

போதகர் பிரசங்கத்தை நீட்டினால் சிரித்த முகம், வீட்டில் பணிப்பெண் சோற்றைக் குழைத்துவிட்டால் கத்தல். இதை விளக்க வேண்டியதில்லை.

எனக்குப் பொறுக்காத தவறு ஒன்று உண்டு. புருஷனிடம் அடி வாங்கும் பெண்ணிடம் "பொறுத்துப்போம்மா, ஜெபி" என்று சொல்லி அனுப்புவது. என் கோபத்தை அடக்குவது என் வேலை. அடுத்தவள் காயத்துக்கு நான் தவணை சொல்ல முடியாது. வன்முறைக்கு எதிரான சிங்கப்பூரின் தேசிய உதவி எண் 1800-777-0000, 24 மணி நேரமும் உண்டு. அதைக் கொடுங்கள், அவள் பேசும்போது பக்கத்தில் உட்காருங்கள். ஜெபத்தை நீங்கள் செய்துகொள்ளலாம்.